திருப்பிக் கொடுத்தவர்கள்

எழுப்புதல்களின் கதை – 9

ருவாண்டாவின் கிழக்குப் பகுதியில், முஹாசி ஏரியைப் பார்த்தபடி ஒரு மேட்டில் இருக்கிறது கஹினி. 1930களில் அங்கிருந்த மிஷன் ஆஸ்பத்திரியில் வழக்கத்துக்கு மாறான ஒரு காரியம் நடந்தது. திருட்டுப்போன பொருட்கள் திரும்பி வந்தன. போலீஸ் வரவில்லை, விசாரணையும் இல்லை. எடுத்தவர்களே கொண்டுவந்து வைத்தார்கள். முதலில் ஆஸ்பத்திரிச் சாமான்கள் வந்தன, அடுத்து பணம் வந்தது. செய்தி அக்கம்பக்கத்து மலைகளுக்குப் பரவியபின், என்றோ ஓட்டிச் சென்ற ஆடும் மாடும் பழைய சொந்தக்காரர் வீட்டு வாசலில் வந்து நின்றன.

கிழக்கு ஆப்பிரிக்க எழுப்புதல் என்று வரலாற்றில் பெயர் பெற்ற இயக்கத்தின் முதல் அடையாளம் இதுதான். அந்நிய பாஷை பேசியதோ, நோய் தீர்ந்ததோ பின்னால் நினைவில் நின்றதைவிட, எடுத்ததைத் திருப்பிக் கொடுத்ததே அதிகம் நினைவில் நின்றது.

சென்ற பகுதியில், 1860இல் நெல்லைச் சீமையில் அருளப்பனின் சபைகளில் கிளம்பிய எழுப்புதலைப் பார்த்தோம். அந்த நெல்லையில் ஊழியம் செய்த சி.எம்.எஸ். என்ற மிஷனரிச் சங்கம்தான் 1877இல் உகாண்டாவுக்கும் ஆட்களை அனுப்பியது. நம் கதை இந்த முறை அங்கே போகிறது.

தியாகிகளின் பிள்ளைகள், அதிகாரிகளான கதை

உகாண்டாவில் கிறிஸ்தவம் ரத்தத்தில் தொடங்கியது. புகாண்டா நாட்டின் அரசரைக் கபாக்கா என்பார்கள். கபாக்கா முவாங்காவின் காலத்தில், 1885 முதல் 1887 வரை, அரண்மனையில் வேலை பார்த்த கிறிஸ்தவ இளைஞர்கள் பலர் கொல்லப்பட்டார்கள். கத்தோலிக்கர், ஆங்கிலிக்கர் இருதரப்பிலும் சேர்த்து நாற்பத்தைந்து பேரின் பெயர்கள் தியாகிகள் பட்டியலில் உள்ளன. அந்த நாட்டுக்கு முதல் பிஷப்பாகப் புறப்பட்ட ஹானிங்டன் வழியிலேயே கொல்லப்பட்டதும் 1885இல்தான்.

பதினைந்தே ஆண்டில் காற்று திசை மாறியது. பிரிட்டிஷார் வந்தார்கள். 1900ஆம் ஆண்டு உடன்படிக்கையில் புகாண்டாவின் நிலம் சதுர மைல் கணக்கில் தலைவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. அதில் பெரும்பங்கு கிறிஸ்தவத் தலைவர்களுக்கு, அவர்களிலும் ஆங்கிலிக்கர்களுக்கே போயிற்று. ஞானஸ்நானம் பெற்றவனுக்குப் பள்ளிக்கூடம், பள்ளிக்கூடம் போனவனுக்கு உத்தியோகம், உத்தியோகம் பார்த்தவனுக்கு நிலம் என்று ஒரு படிக்கட்டு உருவானது. லுகாண்டா மொழியில் கிறிஸ்தவனைக் குறிக்கும் சொல்லுக்கே ‘படிப்பவன்’ என்றுதான் பொருள். ஒரு காலத்தில் வேதம் படிப்பவன் என்று இருந்த பொருள், போகப்போகப் படித்துப் பதவிக்கு வருபவன் என்று ஆகிவிட்டது.

1920களில் கம்பாலாவின் நமிரெம்பே மலை உச்சியில் பெரிய கதீட்ரல் இருந்தது. ஞாயிறு தோறும் கூட்டமும் இருந்தது. கோவிலில் மோதிரம் மாற்றிக் கட்டிய மனைவி ஒருத்தி, ஊருக்கு ஊர் வேறு மனைவியர் என்று வாழ்ந்த தலைவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து நற்கருணை வாங்கினார்கள். வாழைப்பழ மது வீட்டுக்கு வீடு ஓடியது. சபைக்கு எண்ணிக்கையில் குறை இல்லை. தாத்தா உயிரைக் கொடுத்து வாங்கிய மதம் பேரனுக்குச் சம்பளச் சீட்டாகியிருந்தது, அவ்வளவுதான்.

நமிரெம்பேயில் இரண்டு நாள்

1929 செப்டம்பரில் கம்பாலாவுக்கு ஓர் ஆங்கிலேய டாக்டர் வந்தார். பெயர் ஜோ சர்ச். கேம்பிரிட்ஜில் படித்தவர். 1928இல் கஹினி ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார். வந்த வேகத்திலேயே கிழக்கு ருவாண்டாவில் கொடும் பஞ்சம் பிடித்தது. ஜனங்கள் செத்தார்கள், பிழைத்தவர்கள் உகாண்டா எல்லையை நோக்கி நடந்தார்கள். ஆஸ்பத்திரி கஞ்சித் தொட்டியாக மாறியது. பஞ்சம் ஓய்ந்தபோது டாக்டருக்கு உடம்பும் ஓய்ந்திருந்தது, விசுவாசமும் ஓய்ந்திருந்தது. இளைப்பாறத்தான் கம்பாலா வந்தார்.

ஞாயிறு காலை நமிரெம்பே கதீட்ரல் அருகே அவரைப் பார்க்க ஒருவர் நின்றிருந்தார். சிமியோனி நிசிபாம்பி, வயது முப்பத்திரண்டு. நிலபுலன் உள்ள குடும்பம், அரசு சுகாதாரத் துறையில் உத்தியோகம், ஓட்டிக்கொண்டு வர மோட்டார் சைக்கிள். முதல் உலகப் போரில் மருத்துவப் படையில் இருந்தவர். வெளிநாட்டில் படிக்க அரசு உதவி கிடைக்கும் என்று நம்பியிருந்து ஏமாந்தவர். சபையில் இருக்கிறேன், ஆனால் ஏதோ ஒன்று இல்லை என்பதுதான் அவருடைய குறை. அதையேதான் டாக்டரும் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்.

இருவரும் இரண்டு நாள் வேதத்தைத் திறந்து வைத்துப் பரிசுத்த ஆவியைப் பற்றிய வசனங்களை ஒன்றுவிடாமல் தேடிப் படித்தார்கள், ஜெபித்தார்கள். நடந்தது இவ்வளவுதான். எழுப்புதல்களின் வரலாற்றில் பெருங்கூட்டமும் மேடையும் இல்லாத தொடக்கம் இது. ஆனால் அந்தக் காலத்துக் காலனி நாட்டில் வேறொரு வகையில் இது பெரிய காரியம். வெள்ளைக்காரர் கற்பிக்க, கறுப்பர் கேட்டுக்கொள்வதே அங்கே முறை. இங்கே இருவரும் எனக்குத் தெரியாது என்று ஒப்புக்கொண்டு ஒரே பாயில் உட்கார்ந்ததுபோல் உட்கார்ந்தார்கள்.

டாக்டர் கஹினிக்குத் திரும்பினார். நிசிபாம்பி உத்தியோகத்தை விட்டார். செருப்பைக் கழற்றினார். நீண்ட வெள்ளை அங்கியில் வெறுங்காலோடு கம்பாலா வீதிகளில் நின்று, எதிர்ப்படுகிறவர்களிடம் எல்லாம் இரட்சிக்கப்பட்டீர்களா என்று கேட்கத் தொடங்கினார். தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. கம்பாலாவில் அன்று புதிது. ஒரு குடியானவனைக் கேட்டால் பரவாயில்லை, ஞானஸ்நானம் பெற்ற தலைவரை, குருவானவரை, மிஷனரியைக்கூட நிறுத்திக் கேட்டார். ஆளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றே படித்தவர்கள் பேசினார்கள்.

கஹினியில் பற்றிய தீ

பித்து தொற்றும் என்பது சில நாளில் தெரிந்தது. நிசிபாம்பியின் தம்பி பிளேசியோ கிகோசி ஆசிரியராகக் கஹினிக்குப் போனார். அங்கே ஆஸ்பத்திரி உதவியாளர்களுக்குத் தலைமை யோசியா கினுகா. அவருக்கு வெள்ளைக்காரர் மேல் கசப்பு, புதிதாக வந்து உபதேசம் செய்கிற கிகோசி மேல் எரிச்சல். கினுகா ஒருமுறை கம்பாலா போய் நிசிபாம்பியைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் ஏன் எல்லாம் கெட்டுக் கிடக்கிறது என்று நிசிபாம்பி விசாரித்தார். கினுகா அங்குள்ளவர்களின் குற்றங்களை வரிசையாகச் சொன்னார். கேட்டு முடித்த நிசிபாம்பி, கோளாறு அங்கே இல்லை, உன்னிடம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பினார். அந்த ஒரு சொல் திரும்பும் வழியெல்லாம் கினுகாவைக் குடைந்தது. ஊர் வந்ததும் டாக்டரிடம் போய்த் தம் தவறுகளை ஒவ்வொன்றாகச் சொன்னார். திருடியதையும் சொன்னார், வெறுத்ததையும் சொன்னார்.

1933 டிசம்பர் கடைசியில் கஹினியில் நடந்த ஜெபக் கூட்டத்தில், எழுந்து நின்று பாவத்தைச் சொல்வது ஒருவரோடு நிற்கவில்லை. ஒருவர் உட்கார இன்னொருவர் எழுந்தார். மணிக்கணக்கில் நீண்டது. ஊரார் இவர்களுக்கு ‘தீப்பற்றியவர்கள்’ என்று பொருள்படப் பெயர் வைத்தார்கள். லுகாண்டாவில் நிலைத்த பெயர் ‘பலொகோலே’. இரட்சிக்கப்பட்டவர்கள் என்று பொருள். கேலியாக வைத்த பெயரை அவர்கள் பெருமையோடு எடுத்துக்கொண்டார்கள்.

1935இல் கபாலே ஊரில் நடந்த கூட்டத்தின் வழியாக எழுப்புதல் உகாண்டாவின் தென்மேற்கில் கிகேசி மலைகளுக்குள் புகுந்தது. மறு ஜனவரியில் கிகோசி உண்ணிக் காய்ச்சலில் இறந்தார். சபையின் மாமன்றத்தில் பேசுவதற்காக அவர் எழுதி வைத்திருந்த குறிப்பு அவருக்குப் பின் அங்கே போய்ச் சேர்ந்தது. சபை ஏன் குளிர்ந்துபோனது, வெளிப்படையாகப் பாவத்தில் வாழ்பவர்களுக்கு நற்கருணை எப்படிக் கொடுக்கிறீர்கள், எழுப்புதலுக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்ற மூன்றே விஷயம்தான் அதில். ‘விழித்தெழு’ என்று பொருள்படும் ‘சுகூகா’ என்ற அவருடைய சொல் இயக்கத்தின் சொல்லாகிவிட்டது. 1937இல் கென்யா, அடுத்து டங்கனிக்கா, சூடான் என்று இரண்டு இரண்டு பேராக, நான்கு நான்கு பேராகச் சாட்சி சொல்லும் குழுக்கள் கிளம்பின. ஆங்கிலிக்கர், லுத்தரன், பிரஸ்பிட்டேரியன், மெத்தடிஸ்ட் என்ற வேலிகளுக்கு உள்ளேயும் வெளியேயும் அவர்கள் தாராளமாக நடந்தார்கள்.

வெளிச்சத்தில் நடப்பது

பலொகோலேயின் பழக்கம் எளியது. வாரத்தில் ஒருநாளோ இருநாளோ கூடுவார்கள். பீடம், அங்கி எதுவும் இல்லை. ஒருவர் எழுந்து அந்த வாரத்தில் தாம் சறுக்கியதைச் சொல்வார், மற்றவர்கள் பாடுவார்கள். லுகாண்டாவில் ‘துகுதெண்டெரேசா’ என்று தொடங்கும் ஒரு துதிப்பாட்டு அவர்களுக்கு வணக்கம் போலவே ஆகிவிட்டது. இரண்டு பலொகோலே சந்தையில் சந்தித்தாலும் கைகொடுத்து அதைத்தான் பாடுவார்கள். ஒளித்துவைக்காமல் வாழ்வதற்கு ‘வெளிச்சத்தில் நடப்பது’ என்று பெயர்.

ஒளிக்காமல் சொன்னால் போதாது, சரிசெய்யவும் வேண்டும். இந்த இரண்டாவது பாதிதான் சமூகத்தை அசைத்தது. ஏய்த்த வரியை ஒருவன் கட்டப் போகிறான், திருடிய மாட்டை ஒருவன் ஓட்டிக்கொண்டு போகிறான் என்றால், பக்கத்தில் நிற்கிறவன் மதம் எதுவானாலும் நின்று பார்ப்பான்.

வீட்டுக்குள் நடந்த மாற்றம் இன்னும் ஆழமானது. புகாண்டாவில் பெண்கள் கோழியும் முட்டையும் தின்னக்கூடாது என்பது பழைய கட்டுப்பாடு. ஆண் தனியே உண்பான். பலொகோலே வீடுகளில் கணவனும் மனைவியும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பெண்ணும் கோழிக்கறி தின்றாள். இதில் என்ன இருக்கிறது என்று நமக்குத் தோன்றலாம். யார் யாரோடு உட்கார்ந்து எதைத் தின்னலாம் என்பதில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாத தமிழர் உண்டா? கூட்டத்தில் பெண் எழுந்து தன் கணவன் முன்னாலேயே சாட்சி சொன்னாள். பேசச் சபையில் அவளுக்கு அதுவரை இடமே இருந்ததில்லை. இரண்டாம் மனைவி வேண்டாம், குடி வேண்டாம், மூதாதையர் சடங்கு வேண்டாம் என்றானபின் கையில் மிஞ்சிய காசு வீட்டுக்கூரைக்கும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கும் போயிற்று. ஒரு தலைமுறை கழித்துப் பார்த்தால் பலொகோலே வீட்டுப் பிள்ளைகள் ஆசிரியர்களாக, செவிலியர்களாக, குமாஸ்தாக்களாக நின்றார்கள்.

மூன்றாவது மாற்றம் தோலின் நிறத்தைத் தொட்டது. கறுப்பர் பாவத்தைச் சொல்ல, வெள்ளைக்காரர் கேட்டுக்கொண்டிருப்பதோடு இது முடியவில்லை. மிஷனரிகளும் எழுந்து தங்கள் மேட்டிமையை, கோபத்தை, ஆப்பிரிக்கரை மதியாமல் நடந்ததை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. சிலர் கேட்டார்கள், சிலர் கடைசிவரை கேட்கவில்லை. ஆட்சி செய்பவன் ஆளப்படுகிறவனிடம் மன்னிப்புக் கேட்பதற்கு அந்தக் காலனியில் வேறு எங்கும் இடம் இருக்கவில்லை.

இதே காலத்தையொட்டி ஆப்பிரிக்காவின் மற்ற எழுப்புதல்கள் பல தனிச்சபைகளாகப் பிரிந்தன. பெல்ஜிய கொங்கோவில் சைமன் கிம்பாங்குவை 1921இல் பிடித்து உள்ளே போட்டார்கள், 1951இல் சிறையிலேயே இறந்தார். அவர் பெயரில் தனிச்சபை எழுந்தது. நைஜீரியாவில் அலடுரா சபைகள் தனியே வளர்ந்தன. பலொகோலே மட்டும் பழைய சபையை விட்டு வெளியேறவே இல்லை. தள்ளினாலும் போகவில்லை.

தள்ளித்தான் பார்த்தார்கள். 1941இல் கம்பாலாவுக்கு அருகே முகோனோவில் இருந்த இறையியல் கல்லூரியில் பலொகோலே மாணவர்கள் விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து ஜெபிக்கவும் சக மாணவர்களுக்குப் பிரசங்கிக்கவும் தொடங்கினார்கள். கல்லூரியில் திருட்டும் ஒழுக்கக்கேடும் மலிந்திருப்பதாகச் சொன்னார்கள், ஆசிரியர்களின் போதனையே நீர்த்துப்போயிற்று என்றும் சொன்னார்கள். தலைமை ஆசிரியர் விடிகாலைக் கூட்டத்துக்குத் தடை போட்டார். அவர்கள் கேட்கவில்லை. 26 பேர் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களுக்கு முன்னணியில் நின்றவர் நிசிபாம்பியின் மைத்துனர் வில்லியம் நகெண்டா. குருப்பட்டம் பெறும் வழி அவருக்கு அன்றோடு அடைபட்டது. குருப்பட்டம் இல்லாமலே கிழக்கு ஆப்பிரிக்கா முழுக்கவும் ஐரோப்பாவிலும் பேசிவந்தார். வெளியே தள்ளப்பட்டவர்களின் இயக்கம்தான் அடுத்த இருபது, முப்பது ஆண்டுகளில் அந்தச் சபைக்குப் பிஷப்புகளைக் கொடுத்தது. 1966இல் உகாண்டா, ருவாண்டா, புருண்டிக்கு முதல் ஆப்பிரிக்கப் பேராயரான எரிக்கா சபீட்டி ஒரு பலொகோலே.

அண்டைவீட்டார் சொன்ன குறை

எழுப்புதலைப் புகழ்ந்தே எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் நிறுத்திக்கொள்வார்கள். நாம் அண்டைவீட்டாரையும் கேட்க வேண்டும்.

ஒருவன் கூட்டத்தில் எழுந்து தான் விபசாரம் செய்ததைச் சொன்னால், அந்த மற்றவள் யார் என்ற கேள்வி எழாமல் இருக்குமா? அவளுக்கும் வீடு உண்டு, கணவன் உண்டு. ஒருவனுடைய மனச்சுமை இறங்க இன்னொருத்தியின் மானம் சந்தைக்கு வந்தது. குடும்பத்தின் உள்விவகாரம் வெளியே போகக்கூடாது என்பதையே பெருமையாகக் கருதிய சமூகத்தில், மூதாதையருக்குப் படைக்காதவனும் சாவு வீட்டில் சேர்ந்து குடிக்காதவனும் ஊரைவிட்டு விலகியவனாகவே தெரிந்தான். இனத்தின் மானத்தைக் காக்கும் நல்ல ஆண்மகனை, அடங்கிய குடும்பப் பெண்ணை உருவாக்கப் பாடுபட்ட ஊர்த்தலைவர்களுக்கு இவர்கள் பெருந்தொல்லை. இரவெல்லாம் பாட்டுச் சத்தம் என்று அதிகாரிகளுக்குப் புகார் போயிற்று.

உள்ளேயும் கணக்கு வழக்கு கடுமையானது. வெளிச்சம் என்பது சில இடங்களில் கண்காணிப்பாகிவிட்டது. இன்னும் கடுமையாக வேண்டும் என்றவர்கள் பிற்பாடு ‘மறுபடி விழித்தவர்கள்’ என்று தனியே திரண்டு, கடன் வாங்குவதே பாவம் என்றார்கள். பாவத்தைத் தேடத் தொடங்கினால் அதற்கு எல்லை எங்கே போடுவது என்ற சிக்கல் இவர்களையும் விடவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை அரசியலில் இருந்தது. திருடிய மாட்டைத் திருப்பிக் கொடு என்று சொன்னவர்கள், திருடப்பட்ட நாட்டைப் பற்றிப் பேசத் தயங்கினார்கள். பலொகோலே குடும்பத்தில் வளர்ந்த ஒரு மாணவன், ரொடீசியாவின் வெள்ளையர் 1965இல் தாங்களே சுதந்திரத்தை அறிவித்துக்கொண்டதைப் பற்றித் தன் கிறிஸ்தவ மாணவர் அமைப்பு விவாதிக்க வேண்டும் என்று கேட்டான். தலைவர்கள் ஒப்பவில்லை. அவன் விலகினான். அந்த மாணவன் யோவேரி முசெவேனி. 1986 முதல் உகாண்டாவின் அதிபர். இந்த நிகழ்ச்சியைத் தம் வாழ்க்கை வரலாற்றில் அவரே எழுதியிருக்கிறார்.

சத்தியமும் துப்பாக்கியும்

ஆனால் அரசியல் வேண்டாம் என்றவர்களை அரசியல் விடவில்லை.

கென்யாவில் கிகுயு மக்களின் வளமான நிலத்தை வெள்ளைக் குடியேறிகள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு எதிராக எழுந்த மாவ் மாவ் போராட்டத்தை ஒடுக்க 1952 அக்டோபரில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. மாவ் மாவ் தன் மக்களை ரகசியச் சத்தியத்தால் கட்டியது. ஆட்டு ரத்தமும் பச்சை மாமிசமும் வைத்து எடுக்கும் சத்தியம் அது. கிறிஸ்துவின் ரத்தத்தைக் குடித்த வாயால் வேறு ரத்தத்தைத் தொடமாட்டோம் என்று எழுப்புதல்காரர்கள் மறுத்தார்கள். மறுத்ததற்காக அடிபட்டார்கள், பலர் கொல்லப்பட்டார்கள்.

அவர்கள் அரசு பக்கம் போனார்களா என்றால், அதுவும் இல்லை. ஊர்க்காவல் படையில் சேர், துப்பாக்கி தருகிறோம் என்று அரசு சொன்னபோது அவர்களில் பலர் அதையும் வாங்கவில்லை. போராளிக்கு அவர்கள் துரோகி, அதிகாரிக்கு நம்ப முடியாதவர்கள். நிலம் பறிபோனவர்களின் நியாயத்தை அவர்கள் போதிய அளவு பேசவில்லை என்ற குற்றச்சாட்டில் உண்மை உண்டு. எவன் சொன்னாலும் கொல்லமாட்டேன் என்று நின்றதிலும் உண்மை உண்டு. இரண்டையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும்.

உகாண்டாவில் இந்தச் சோதனை 1971 ஜனவரியில் இடி அமீன் உருவில் வந்தது. 1973 பிப்ரவரியில், எழுப்புதல் வேரூன்றிய கபாலேயில், விளையாட்டு மைதானத்தில் ஊரைக் கூட்டிவைத்து மூன்று பேரைச் சுட்டார்கள். சுடுவதற்கு முன் அவர்களோடு பேச அனுமதி கேட்டுப் போனவர் அவ்வூர் பிஷப்பான பலொகோலே ஃபெஸ்தோ கிவெங்கெரே.

அடுத்த ஆண்டு பேராயரானவர் ஜனானி லுவும். வடக்கே முச்வினி கிராமத்து அச்சோலி இனத்தவர். பள்ளி ஆசிரியராக இருந்தபோது 1948 ஜனவரியில் எழுப்புதல்காரர்களின் சாட்சியைக் கேட்டு மனந்திரும்பியவர். அமீன் அச்சோலி, லாங்கோ இனத்தவர்களைக் குறிவைத்துக் கொன்றுகொண்டிருந்த காலம் அது. காணாமல்போனவர்களைத் தேடி லுவும் அதிகாரிகளின் வாசல்களில் ஏறி இறங்கினார். 1977 பிப்ரவரி 5ஆம் தேதி நள்ளிரவு தாண்டிப் பட்டாளம் அவர் வீட்டில் புகுந்து ஆயுதம் தேடியது, கிடைக்கவில்லை. பிஷப்புகள் ஒன்றுகூடி, நடக்கும் கொலைகளைச் சுட்டி அமீனுக்குக் கடிதம் எழுதிக் கையெழுத்திட்டார்கள். வெளிச்சத்தில் நடந்து பழகியவர்கள் முதல்முறையாக ஆட்சியின் பாவத்தை ஆட்சியிடமே சொன்னார்கள்.

பிப்ரவரி 16 அன்று பிஷப்புகளை வரவழைத்தார்கள். ஆயுதங்களைப் பரப்பிக் காட்டினார்கள், பட்டாளத்தாரைக் கூச்சலிட வைத்தார்கள். மற்றவர்களை அனுப்பிவிட்டு லுவுமை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். மறுநாள் வானொலி, அவரும் இரண்டு அமைச்சர்களும் கார் விபத்தில் இறந்ததாகச் சொன்னது. சவப்பெட்டி முச்வினிக்குப் போனது. ஊரார் திறந்து பார்த்தபோது உடலில் குண்டுக் காயங்கள் இருந்தன.

நமிரெம்பேயில் ஹானிங்டனின் கல்லறைக்குப் பக்கத்தில் அவருக்கென்று வெட்டிய குழி வெறுமையாகக் கிடந்தது. உடல் இல்லாமலே அங்கே ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். உகாண்டா சபைக்கு அது நூறாவது ஆண்டு. பதவியாகிப்போன மதம் மறுபடியும் ரத்தத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. நிசிபாம்பி அப்போதும் உயிரோடிருந்தார். மறு ஆண்டுதான் இறந்தார். பிப்ரவரி 16 இப்போது உகாண்டாவில் அரசு விடுமுறை.

கஹினிக்குத் திரும்புவோம்

கதை உகாண்டாவில் முடிந்தால் படிக்க இதமாக இருக்கும். ஆனால் தீ பற்றிய இடம் ருவாண்டா.

கஹினியில் ஒருவர் பின் ஒருவராக எழுந்து பாவத்தைச் சொல்லிக்கொண்டிருந்த அதே 1933, 1934இல், பெல்ஜிய ஆட்சி நாடெங்கும் கணக்கெடுத்து ஆளுக்கு ஓர் அடையாள அட்டை கொடுத்துக்கொண்டிருந்தது. ஹுட்டு, டுட்ஸி, ட்வா என்று இனம் அதில் எழுதப்பட்டது. ஒருபக்கம் எழுப்புதல், சிலுவையின் அடியில் எல்லாரும் சகோதரர் என்றது. மறுபக்கம் அரசாங்கம் யார் யாருக்குச் சகோதரர் இல்லை என்பதை மையால் எழுதி முத்திரை குத்தியது. பலொகோலே வெறுப்பைப் பாவம் என்று அறிக்கை செய்தார்கள். அட்டையைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

1959இல் ஹுட்டுப் புரட்சி வந்தபோது டுட்ஸி எழுப்புதல்காரர்கள் பலர் எல்லை தாண்டி ஓடினார்கள். போன இடமெல்லாம் பாட்டையும் சாட்சியையும் கொண்டுபோனார்கள். ருவாண்டாவில் மிஞ்சிய சபையின் தலைமை மெல்ல மெல்ல ஆட்சியாளரின் மேசைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. எந்த நோயைக் கண்டு கிகோசி விழித்தெழு என்றாரோ அதே நோய்.

1994 ஏப்ரல் 7 முதல் நூறு நாள், டுட்ஸிகளுக்கு எதிரான இனப்படுகொலை. சுமார் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். சாலைத் தடைகளில் அந்த அட்டையைத்தான் கேட்டார்கள். கோவில்களில் தஞ்சம் புகுந்தவர்கள் கோவில்களுக்குள்ளேயே வெட்டுண்டார்கள். ருவாண்டாவுக்கென அமைந்த சர்வதேச நீதிமன்றம் குற்றம் சாட்டியவர்களில் குருக்கள் இருந்தார்கள், ஆங்கிலிக்கன் பிஷப் ஒருவரும் இருந்தார். கிவெங்கெரே வளர்த்த ஊழிய அமைப்பின் ருவாண்டா தலைவர் இஸ்ரேல் ஹவுகிமானா ஒரு ஹுட்டு. இரு இனத்தாரையும் ஒரே ஜெபக் குழுவில் உட்கார வைத்தவர். முதல் நாட்களிலேயே அவரைக் கொன்றுவிட்டார்கள். எழுப்புதல் தன் மக்களைக் காக்கவில்லை என்று சொல்வதற்கும், எழுப்புதல் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வதற்கும் நடுவே அவருடைய பெயர் நிற்கிறது.

இன்று கம்பாலாவில் பலொகோலே என்றால், கிதாரும் டிரம்ஸும் பெரிய திரையுமாக 1980களுக்குப் பின் வளர்ந்த பெந்தெகொஸ்தே சபைக்காரர்கள் நினைவுக்கு வருவார்கள். அங்கே ஆசீர்வாதம் பற்றிய பேச்சு அதிகம், திருப்பிக் கொடுப்பது பற்றிய பேச்சு குறைவு. அந்தக் கதைக்கு இன்னொரு பகுதி வேண்டும்.

ருவாண்டா எப்படி நீதி தேடியது என்பதைச் சொல்லி முடிக்கிறேன். சிறைகள் நிரம்பி வழிந்தன, வழக்குகளை முடிக்க வழக்கமான நீதிமன்றங்களுக்குத் தலைமுறைகள் ஆகும். ‘ககாச்சா’ என்ற பழைய கிராம முறையை அரசு தூசி தட்டி எடுத்தது. புல்தரை என்று பொருள். ஊர் புல்தரையில் கூடும், குற்றவாளி எழுந்து செய்ததைச் சொல்வான், சொன்னால் தண்டனை குறையும். இது பலொகோலே தந்த முறை அல்ல. ஆனால் எழுந்து நின்று, அண்டைவீட்டாரின் முகத்தைப் பார்த்து, செய்ததைச் சொல்லும் காட்சியை அந்த மலைகள் சுமார் எழுபது ஆண்டுகளுக்கு முன்பே பார்த்திருந்தன.

2012இல் ககாச்சா நீதிமன்றங்கள் மூடப்பட்டபோது 19 லட்சத்துக்கும் அதிகமான வழக்குகள் முடிந்திருந்தன. அவற்றில் 13 லட்சத்துக்கு மேல் சொத்து வழக்குகள். எடுத்த பொருளைத் திருப்பிக் கொடுப்பதோ ஈடுகட்டுவதோதான் அவற்றுக்குத் தீர்ப்பு. மற்றவை பெரும்பாலும் உயிர் தொடர்பானவை.

(தொடரும்)